கலர் இல்லாத கேமரா

கலர் தெரியாத கேமரா ஒன்று வாங்கப் போகிறேன் என்று மனைவி சொன்னபோது ஸ்டூடியோக்காரரின் வாயில் காபி இருந்தது. விழுங்குவதா துப்புவதா என்று ஒரு கணம் தடுமாறிவிட்டு, பாதியை விழுங்கி மீதியை வெள்ளைச் சட்டையில் வாங்கிக்கொண்டார்.

"கலர் தெரியாததுன்னா, பழசா?"

"புதுசுதான்."

"ரிப்பேரா?"

"இல்லைங்க. செய்யும்போதே அப்படித்தான் செய்யறாங்க. கருப்பு வெள்ளை மட்டும்."

"அப்போ விலை குறைச்சலா இருக்கும்."

"கலர் கேமராவை விடக் கொஞ்சம் ஜாஸ்தி," என்றாள் அவள், சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே. அவர் முகம் போன போக்கைப் பார்க்கக்கூட நிற்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

ஸ்டூடியோக்காரருக்கு இது லேசான விஷயமில்லை. அந்தத் தெருவில் இருபத்தாறு வருஷமாகப் போட்டோ என்றால் அவர்தான். ஆளுக்கொரு ஃபோன் வந்த பிறகு உலகத்தில் எல்லோரும் போட்டோக்காரர்கள் ஆகிவிட்டார்கள். அவர் கடைக்கு வருகிறவர்கள் பாஸ்போர்ட் படத்துக்கு மட்டும், அதுவும் வேறு வழியில்லாமல் வருகிறார்கள். அப்படி வருகிறவர்களையும் அவர் சும்மா விடுவதில்லை. பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், எதுவானாலும் கம்ப்யூட்டரில் துடைத்து எடுத்துவிட்டுத்தான் மறுவேலை. ஒருமுறை ஓர் அதிகாரி, "உங்க தம்பி போட்டோவை எடுத்துட்டு வந்திருக்கீங்களே," என்று ஒருவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த ஆள் கடைக்கு வந்து காட்டுக்கத்தல் கத்தினார். ஸ்டூடியோக்காரருக்கு அது பாராட்டாகத்தான் காதில் விழுந்தது. இரண்டு நாள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தார்.

வெளியே மரியாதை குறையக் குறைய, வீட்டுக்குள் மிச்சமிருந்ததை அவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு தொலைநோக்கியை வாங்கி மொட்டைமாடியில் நிறுத்தி, அதன் பின்னால் கேமராவை மாட்டி வானத்தைப் படமெடுக்க ஆரம்பித்தாள். அந்தக் கேமரா அவர் கொடுத்த பழைய கேமரா. "இதுல எத்தனை வைக்கணும்?" என்று அவள் வந்து கேட்கும்போதெல்லாம் அவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். கேட்கக் கேட்க இன்னும் நாலு விஷயம் சேர்த்துச் சொல்வார். அவளும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள். இப்போது அவரைக் கேட்காமலே கேமரா வாங்குகிறாள், அதுவும் கலர் இல்லாதது. இதை விட்டால் இனி இந்த வீட்டில் தன்னிடம் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள் என்று அவர் பயந்தார். விளையாட்டில்லை, நிஜமாகவே பயந்தார்.

மத்தியானமே கேமரா கடைக்கு ஃபோன் போட்டார்.

"கலரை எடுத்துட்டீங்கல்ல? அதுக்கு உண்டானதைக் கழிச்சுட்டு ஒரு விலை சொல்லுங்க."

கடைக்காரர் அனுபவஸ்தர். "சார், சர்க்கரை போடாத பிஸ்கட்டும் விலை ஜாஸ்திதான். நான் என்ன பண்ணட்டும்?" என்றார். கலரோ கருப்பு வெள்ளையோ, சனிக்கிழமை மூன்று மணிக்குள் சொன்னால் இந்தத் தடவை வருகிற சரக்கோடு வந்துவிடும், தவறினால் அடுத்த வருஷம்தான் என்றும் சொன்னார்.

சாயங்காலம் அவர் ஒற்றைக் காலில் நின்றார். கலர்தான் வாங்க வேண்டும், காசைக் கொடுத்துக் குருட்டுக் கேமரா வாங்குகிற அளவுக்கு நமக்கென்ன வந்துவிட்டது என்றார். அவள் ஆஸ்பத்திரி அலுப்போடு நாற்காலியில் உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"கலர் கேமராவுல ஒவ்வொரு புள்ளி மேலயும் ஒரு குட்டிக் கண்ணாடி ஒட்டியிருக்கும். ஒண்ணு சிவப்பு, ஒண்ணு பச்சை, ஒண்ணு நீலம். வர்ற வெளிச்சத்துல மூணுல ரெண்டு பங்கு அந்த வாசல்லயே நின்னு போயிடும். பகல்ல நீங்க போட்டோ எடுக்கறதுக்கு அது பரவாயில்லை. எனக்கு வர்றதே துளி வெளிச்சம். அதையும் வாசல்ல வச்சுத் திருப்பி அனுப்பினா நான் எதைப் பிடிக்கறது?"

"அப்போ கலரே வேண்டாமா?"

"வேணும்னா முன்னாடி ஒரு சக்கரத்துல மூணு கலர் கண்ணாடியும் மாட்டி, தனித்தனியா எடுத்துச் சேர்த்துக்கலாம்."

"ஒரே படத்தை மூணு தடவை எடுக்கணுமா?"

"எடுத்தா என்ன? வானம் எங்க ஓடிப் போகப் போகுது?"

"வானம்தான் ஓடுதுன்னு மோட்டார் வச்சு அது பின்னாலயே திருப்பிக்கிட்டு இருக்க," என்றார் ஸ்டூடியோக்காரர். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வாரத்தில் அவர் ஜெயித்த ஒரே இடம் அதுதான், அதனால் அதை அவர் இரண்டு முறை சொன்னார்.

பேச்சு முடிகிற வழியாக இல்லை என்பதால் பல் டாக்டரைக் கூப்பிட்டார்கள். வானம் பார்க்கிறவர்களின் சங்கம் ஒன்று இருந்தது, மொத்தம் பதினோரு பேர், அதற்கு அவர் தலைவர். முப்பது வருஷமாக வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியதால், கேள்வியும் அவரே கேட்டு பதிலும் அவரே சொல்லிக்கொள்வார். ஒரே கம்பெனியின் கலர் கேமரா ஒன்றும் கருப்பு வெள்ளைக் கேமரா ஒன்றும் அவரிடம் இருந்தன. இரண்டும் எதற்கு என்று கேட்க அவர் வீட்டில் ஆளில்லை.

"ரெண்டையும் தரட்டுமா? தரேன். ஒரு வாரம் போதுமா? போதும்," என்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

எதைப் படமெடுப்பது என்பதை மனைவி முடிவு செய்தாள். எங்கோ தொலைவில் ஒரு விண்மீன் மண்டலம், சுருள் சுருளாக இருக்குமாம். அதில் ஒரு நட்சத்திரம் வெடித்திருப்பதாகச் சங்கத்துக்குச் செய்தி வந்திருந்தது. வெடித்துப் பல கோடி வருஷம் ஆகிறது, வெளிச்சம் இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது என்று அவள் விளக்கினாள்.

"நம்ம தபால் ஆபீஸே தேவலை," என்றார் ஸ்டூடியோக்காரர்.

"இந்தத் தெருவிளக்கு வெளிச்சத்துல, நம்ம மாடியிலேர்ந்து அது தெரியுதான்னு பாக்கணும். கருப்பு வெள்ளையில மட்டும் தெரிஞ்சா அதை வாங்குவேன். ரெண்டுலயும் தெரிஞ்சாலும் சரி, ரெண்டுலயும் தெரியாட்டியும் சரி, நீங்க சொன்ன கலரையே வாங்கிக்கறேன்."

இதைவிட நியாயமாக யாரும் பேச முடியாது. வெடித்த நட்சத்திரம் பார்க்க எப்படி இருக்கும் என்று அவர் கேட்கவில்லை. போட்டோ விஷயத்தில் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. வெடிப்பு என்றால் தீயும் புகையுமாகப் படத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் என்று அவர் பாட்டுக்கு நினைத்துக்கொண்டார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். திரையில் பார்ப்பதெல்லாம் போட்டோவே இல்லை, காகிதத்தில் விழுந்தால்தான் போட்டோ, ஆகவே தீர்ப்பு பிரிண்டைப் பார்த்துத்தான், பிரிண்ட் தன் கடையில்தான். அவள் சரி என்றாள்.

புதனும் வியாழனும் இருட்டியதும் அவள் மாடிக்குப் போனாள், ஒரு நாள் ஒரு கேமரா. வெள்ளிக்கிழமை காலையில் ஒரு பென் டிரைவை அவர் கையில் கொடுத்தாள்.

"எடுத்த படத்தையெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிச் சேர்த்துட்டேன். இப்போ திறந்தா கும்மிருட்டா இருக்கும். வெளிச்சத்தை ஏத்தினாத்தான் உள்ள இருக்கறது மேல வரும். அது உங்க வேலை."

"நீ இன்னும் பாக்கலியா?"

"பாக்க மாட்டேன். நான் ஆசையோட பார்த்தா இல்லாததும் இருக்கற மாதிரி தெரியும். ஆஸ்பத்திரியிலயும் எடுக்கறது நான், பார்த்துச் சொல்றது வேற ஆள்."

ஸ்டூடியோக்காரர் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்தார். மனுஷன் பிடிவாதக்காரர்தான், ஆனால் கள்ளாட்டம் ஆடுகிறவர் இல்லை. இரண்டு படத்துக்கும் ஒரே கவனிப்பு என்று மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டார். முதலில் கலர். வெளிச்சத்தை ஏற்ற ஏற்ற, மண்டலத்தோடு கூடவே சிவப்பும் பச்சையுமாக ரவை ரவையாகக் கிளம்பி வந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் சுத்தம் செய்தார். அப்புறம் கருப்பு வெள்ளை. இதில் இருட்டுக்குள்ளிருந்து ஒரு சுருள் எழுந்தது, அதற்குள் இன்னொரு சுருள், நடுவில் பால் மாதிரி ஒரு வெளிச்சம். ஒப்புக்கொள்ள அவருக்கு மனமில்லை, ஆனால் வாய் தானாகத் திறந்துகொண்டது. இவளா எடுத்தாள், நம் மாடியிலிருந்தா எடுத்தாள் என்று சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தீயையும் காணோம், புகையையும் காணோம். சரி, இரண்டிலும் வெடிப்பு விழவில்லை, கலர்தான் என்று முடிவு செய்துகொண்டார். அப்போதுதான் சுருளின் ஓரத்தில் அது கண்ணில் பட்டது. பொடிப் புள்ளி. சுற்றிலும் வெளியே இருந்த நட்சத்திரங்களை அவர் தொடவில்லை, அவை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. இது மட்டும் மேகம்போல வழவழவென்றிருந்த சுருளின் மேல் வந்து உட்கார்ந்திருந்தது. தூசி என்றார். இரண்டு சொடுக்கு, போய்விட்டது. இருபத்தாறு வருஷப் பழக்கம், கை மூளையைக் கேட்டுக்கொண்டு வேலை செய்வதில்லை. எதிராளியின் படத்துக்குக்கூடக் குறை வைக்காத தன் பெருந்தன்மையை நினைத்து அவருக்குக் கண் லேசாகக் கலங்கியது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து இரண்டு பிரிண்டையும் வைத்தார். பல் டாக்டர் வந்தார், கூடவே பூதக்கண்ணாடியும், ஏதோ ஒரு பெரிய தொலைநோக்கியில் எடுத்த படமும் வந்தன. அந்தப் படத்தில் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டிருந்தது.

"வெடிச்சது எங்க இருக்கு? இந்த வட்டத்துக்குள்ள. எவ்வளவு இருக்கும்? ஒரு புள்ளி."

"புள்ளியா?" என்றார் ஸ்டூடியோக்காரர். "வெடிச்சா இத்தனூண்டா இருக்கும்?"

"அவ்வளவு தூரத்திலேர்ந்து புள்ளியாத் தெரியறதே பெரிய விஷயங்க," என்றாள் மனைவி.

அவர் வட்டத்தை எட்டிப் பார்த்தார். சுருளின் ஓரம். அதே வளைவு, அதே இடம். தூசி என்று அவர் துடைத்த இடம். பல் டாக்டர் பூதக்கண்ணாடியோடு முதலில் கலர்ப் படத்தின் மேல் குனிந்து, உதட்டைப் பிதுக்கினார். பிறகு கருப்பு வெள்ளையின் மேல் குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார்.

"தெரியுதா? தெரியலை. ஏதாவது நிழலாவது? அதுவும் இல்லை. சொத்தையே இல்லாத பல்லு மாதிரி சுத்தமா இருக்கு. இந்தக் கேமராவுல தெரிஞ்சிருக்கணுமே. தெரியலையே."

இப்போது சொல்லிவிடலாம் என்று ஸ்டூடியோக்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் மனைவி பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டாள். பார்த்தாள். கண்ணாடியை மேஜையில் வைத்தாள்.

"உங்க பிரிண்ட்ல இல்லைன்னா இல்லைதான்," என்றாள். "நீங்க சொன்னது சரி. கலரே வாங்கிக்கறேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து கேமரா கடைக்குச் சொல்லிடறேன்."

நீங்க சொன்னது சரி. எத்தனை நாளாக இதைக் கேட்க அவர் தவித்துக்கொண்டிருந்தார். கேட்டபோது வாயில் ஒரு பிடி மண்ணைப் போட்டதுபோல இருந்தது. அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பார், சண்டை போட்டாவது மறந்திருப்பார். அவள் வருத்தத்தை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அவர் தன் கடைக்குப் போய் அசல் படத்தைத் திறந்தார். ஒருவேளை அது வேறு புள்ளியாக இருக்கக் கூடாதா என்று ஒரு நப்பாசை. வேறு புள்ளியில்லை. வட்டம் போட்ட இடத்திலேயே, கல்லுப்பிள்ளையாராட்டம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. கலர்ப் படத்தின் அசலிலும் தேடிப் பார்த்தார், அதில் ரவைக்கு நடுவே ஒன்றும் பிடிபடவில்லை.

ஸ்டூடியோக்காரர் கணக்குப் போட்டார். இதைத் தெரிந்த ஆள் உலகத்தில் தான் ஒருவர்தான். சும்மா இருந்தால் போதும். கலர்க் கேமரா வரும், அவள் பழையபடி "இதுல எத்தனை வைக்கணும்?" என்று வந்து நிற்பாள். சொல்லிவிட்டால், தான் சொன்னதும் தப்பு, செய்ததும் தப்பு என்றாகிவிடும். பூசி மெழுகவும் வழி யோசித்தார். பிரிண்டர் கோளாறு என்று சொல்லலாம், மையில் குறை என்று சொல்லலாம். பூசி மெழுகுவதுதானே அவர் தொழில். ஆனால் ஒவ்வொரு சாக்கையும் எடுத்து வைக்கும்போது, உங்க பிரிண்ட்ல இல்லைன்னா இல்லைதான் என்று அவள் சொன்னது குறுக்கே வந்து நின்றது. இந்த ஊரில் அவர் எடுத்த படத்தை நம்பி ஓர் அதிகாரிகூட முத்திரை குத்தியதில்லை. இவள் ஒருத்தி நம்பினாள். இரண்டு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு பஸ் பிடித்தார்.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே சிவப்பு விளக்கு அணைகிற வரை காத்திருந்து உள்ளே நுழைந்தார். மணிக்கட்டு வீங்கிய சமையல்காரர் ஒருவர் மேஜை மேல் கையை நீட்டி உட்கார்ந்திருந்தார். மனைவி மூக்கும் வாயும் தெரியாமல் மாஸ்க் போட்டுக்கொண்டு, அந்தக் கையைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். கணவரைப் பார்த்ததும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"என்னங்க, உடம்புக்கு ஏதாவதா?"

"கடைக்குச் சொல்லிட்டியா?"

"இந்தக் கையை முடிச்சுட்டுச் சொல்லணும்."

"சொல்லாத."

"ஆடாம இருங்க," என்றாள் அவள், தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்து. சமையல்காரர் ஆடாமல் இருந்தார். ஸ்டூடியோக்காரரும் ஆடாமல் நின்றார். அப்படி நின்றபடியே சொல்லி முடித்தார்.

"அந்தப் புள்ளி இருந்துச்சு. கருப்பு வெள்ளையில. நான்தான் துடைச்சுட்டேன்."

"எதை?"

"நட்சத்திரத்தை. தூசின்னு நினைச்சேன்."

அவள் எக்ஸ்ரே பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"எத்தனை கோடி வருஷமா வந்துக்கிட்டு இருந்துச்சுங்க அது."

"தெரியும்."

"இத்தனை தூரம் வந்து, இந்தத் தெருவிளக்கையெல்லாம் தாண்டி, நம்ம மாடியில விழுந்து, உங்க கம்ப்யூட்டர் வரைக்கும் வந்துச்சு."

"ஆமா."

"அங்க வந்து செத்துச்சு."

"அசல்ல இருக்கு," என்றார் அவர் அவசரமாக. "அசலை நான் தொடலை."

"அம்மா," என்று சமையல்காரரின் குரல் மூச்சு முட்டக் கேட்டது. "இப்போ மூச்சு விடலாமா?"

"கைக்கு எடுக்கறதுக்கு மூச்சை எதுக்குங்க பிடிச்சீங்க? விடுங்க," என்றாள். எக்ஸ்ரேயை எடுத்து முடித்து, சமையல்காரரை வெளியே உட்காரச் சொல்லி அனுப்பினாள். பிறகு ஃபோனை எடுத்துக் கடைக்குப் போட்டாள். மணி மூன்றாக எட்டு நிமிஷம் இருந்தது.

"கருப்பு வெள்ளைதான். ஆமா, முடிவு பண்ணியாச்சு. இல்லை, கலருக்கு உண்டானதைக் கழிக்க வேண்டாம்."

ஸ்டூடியோக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டு விழும், விழட்டும் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை. ஃபோனைப் பையில் போட்டுவிட்டு, ஏதோ கணக்குப் பார்க்கிறவள்போலக் கொஞ்ச நேரம் நின்றாள்.

"நம்ம கல்யாண ஆல்பத்தையும் நீங்கதானே சுத்தம் பண்ணீங்க?"

"அப்போ கம்ப்யூட்டர் ஏது? பிரஷ்தான்," என்றார் அவர், பேச்சு வேறு பக்கம் போகிறதே என்ற நிம்மதியில்.

"அதுல என்ன எடுத்தீங்க?"

நிம்மதி போய்விட்டது. "பெருசா ஒண்ணுமில்லை."

"சின்னதா?"

"ஒரு மச்சம்."

"அப்புறம் எடுத்த படங்கள்ல?"

"எல்லாத்துலயும்தான். தப்பா நினைச்சு எடுக்கலைம்மா. கை தானாப் போயிடும்."

"எங்க இருந்த மச்சம்?"

அவள் முகத்தில் பாதியை மாஸ்க் மூடியிருந்தது. இதுகூடத் தெரியாதா என்று அவர் தன் கன்னத்திலேயே விரலை வைத்துக் காட்டினார். இருபத்திரண்டு வருஷம் கூடவே இருந்தவர், கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"இன்னும் கீழ," என்றாள் அவள், சற்று முன் சமையல்காரரின் கையைத் திருப்பி வைத்த அதே குரலில்.

விரலை இறக்கினார்.

"இன்னும்."

விரல் வாயோரம் வந்து, அதற்கு மேல் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. வீட்டுச் சுவரில், பர்ஸுக்குள், கடையின் கண்ணாடி அலமாரியில், எல்லா இடத்திலும் மச்சம் இல்லாத அவளைத்தான் அவர் இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மாஸ்க்கை இறக்கினாள். அவர் விரல் நின்ற இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி, தாடையின் ஓரத்தில், மிளகு அளவில் அது இருந்தது.

"நல்லாப் பாத்துக்கங்க," என்றாள்.

அவர் பார்த்தார். வெட்கமாக இருந்தது, ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை. வெளியே அடுத்த ஆள் கதவைத் தட்டினார். அவள் மாஸ்க்கை மேலே ஏற்றாமல் அப்படியே நின்றாள்.